எ என்றதும் இலையைக் காட்டினான்: நாலரை வயதுப் பிள்ளைக்கு வீட்டில் எழுத்துச் சொல்லித் தருவது எப்படி?

பெரம்பூர்_நிலா

என் பையனுக்கு நாலரை வயது. யூகேஜி படிக்கிறான். போன வாரம் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. ஒரு பக்கம் எழுத்துகள், எதிர்ப்பக்கம் படங்கள். கோடு போட்டு இணைக்க வேண்டும். எ-விலிருந்து நேராக இலைக்குக் கோடு இழுத்திருக்கிறான். மிச்சம் கிடந்த இ-யை எலியோடு சேர்த்துவிட்டான். இரண்டின் மேலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. கீழே ‘வீட்டில் பயிற்சி தேவை’ என்று ஒரு வரி. அப்புறம் இ இரண்டு பக்கம், எ இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லி நோட்டில் குறிப்பு.

எழுத உட்கார வைத்தால் அரைப் பக்கம் தாண்டுவதற்குள் கை வலிக்கிறது என்று அழுகிறான். இப்போதெல்லாம் பையிலிருந்து நோட்டை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். இத்தனைக்கும் கதை என்றால் அவனுக்கு உயிர். நேற்று அவன் தூங்கிய பிறகு அந்த நோட்டைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு இ நன்றாக இருக்கின்றன. போகப் போகக் கோணிக்கொண்டே போய், வரி முடியும் இடத்தில் அது எழுத்தாகவே இல்லை. மனசு கேட்கவில்லை.

நான் வேலைக்குப் போகிறவள். வீட்டுக்கு வர ஆறரை ஆகிவிடும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் அவனோடு உட்கார முடியும். அந்த அரை மணியில் என்ன செய்யலாம்? பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

இரட்டைக்கோடு

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் எழுதாமல் எழுத்து வராது. என் மகள் இரண்டாம் வகுப்பு. எல்கேஜி-யிலிருந்தே தினமும் ஒரு பக்கம் எழுத வைத்தேன். முதல் ஆறு மாதம் அவளும் அழுதாள். இன்றைக்கு அவள் கையெழுத்தைப் பார்த்துப் பள்ளியில் பாராட்டுகிறார்கள். ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் பலகையில் இருப்பதைப் பார்த்து வேகமாக எழுதச் சொல்வார்கள். இப்போது கை பழகவில்லை என்றால் அப்போது பிள்ளைதான் திண்டாடும். நேரத்தைக் குறையுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

சிலேட்டு_டீச்சர்

நிலா, அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் மா. உங்கள் பையன் காது கூர்மையாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

வீட்டில் இலையை என்னவென்று சொல்கிறீர்கள்? ‘எல’ என்றுதானே? ‘எல போட்டாச்சு, சாப்பிட வாங்க’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை. படத்தைப் பார்த்ததும் அவன் மனசுக்குள் ‘எல’ என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். முதலில் வந்த ஒலி எ. எ-வுக்குக் கோடு போட்டான். எந்தப் பாடமும் எடுக்காமல் ஒரு சொல்லின் முதல் ஒலியைத் தனியாகப் பிரித்தெடுத்திருக்கிறான். படிப்பதற்கு அடித்தளமே அந்தத் திறமைதான்.

நம் பேச்சில் இது நிறைய உண்டு. இடம் என்பதை எடம் என்கிறோம். உடம்பு ஒடம்பு ஆகிறது, உரல் ஒரல் ஆகிறது, குடை கொட, புடவை பொடவ. இகரத்திலோ உகரத்திலோ தொடங்கும் சொல்லில் அடுத்த எழுத்து அகரமாகவோ ஐகாரமாகவோ இருந்தால், பேசும்போது இ எ-வாகவும் உ ஒ-வாகவும் மாறிவிடுகின்றன. ஆகையால் இ-க்கு இலை, உ-க்கு உரல் என்று தொடங்குவது பிள்ளையைக் குழப்பும். அடுப்படிக்குப் போங்கள். இ-க்கு இட்லி இருக்கிறது, இஞ்சி இருக்கிறது. உ-க்கு உப்பு இருக்கிறது. பேச்சிலும் எழுத்திலும் இவற்றின் முதல் ஒலி ஒன்றே. இவை காதில் நன்றாகப் பதிந்த பிறகு ஒருநாள் ‘நாம் எல என்று சொல்வதைப் புத்தகத்தில் இலை என்று எழுதுவார்கள்’ என்று சொல்லிக் கொடுங்கள். ரகசியம் சொன்ன மாதிரி சந்தோஷமாக வாங்கிக்கொள்வான்.

நான் வடசென்னையில் மாநகராட்சிப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. பிற்பாடு மாநிலம் முழுவதும் போனது. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் போட்டோம். பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரின் அடியில் கரும்பலகை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையை எடுத்துத் தன் வேகத்தில் போகும். அதற்கு முன்னால் எத்தனையோ பிள்ளைகளை நானும் ‘பத்து முறை எழுது’ என்று உட்கார வைத்திருக்கிறேன். தரையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான், பத்தாவது முறை எழுதும்போது பிள்ளை அந்த எழுத்தைப் பார்ப்பதே இல்லை, முந்தின எழுத்தைப் பார்த்து ஏதோ ஒரு கோடு இழுக்கிறது என்பதைக் கண்ணால் கண்டேன். உங்கள் நோட்டில் வரி முடிவில் கோணுகிறதே, அது அதுதான்.

முதல் பதினைந்து நாளைக்குப் பென்சிலே வேண்டாம். கைதட்டி விளையாடுங்கள். தக்காளி: தக், கா, ளி, மூன்று தட்டு. அப்பா: அப், பா, இரண்டு தட்டு. வீட்டில் இருக்கிற எல்லார் பெயருக்கும் தட்டட்டும். யார் பெயர் நீளம், யார் பெயர் குட்டை என்று அவனே சொல்வான். அது பழகியதும் அப்பா என்று எழுதிக் காட்டுங்கள். எழுத்து மூன்று இருக்கிறது, தட்டு இரண்டுதான் வந்தது. ஏன் என்று அவன் கேட்க வேண்டும், கேட்பான். தலையில் புள்ளி வைத்த எழுத்துக்குத் தனியாகத் தட்டு கிடையாது, அது முன்னால் நிற்கிற எழுத்தின் தோளில் சாய்ந்துகொள்ளும் என்று சொல்லுங்கள். மெய்யெழுத்து என்ற பெயரே சொல்லாமல் மெய்யெழுத்து புரிந்துவிடும். இது வருடா வருடம் என் வகுப்பில் நடந்தது.

பெரம்பூர்_நிலா

டீச்சரம்மா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. இன்று காலை அவனிடம் அந்தப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். ‘எல, தாத்தா வீட்ல சாப்பிடுறது’ என்றான். நாங்கள்தான் அவனைத் திட்டியிருக்கிறோம்.

ஒரு சந்தேகம். அப்படியென்றால் வீட்டில் இலை, குடை, வாழைப்பழம் என்று எழுத்துத் தமிழிலேயே பேச வேண்டுமா? என் மாமியார் அப்படித்தான் சொல்கிறார்.

வீதி_வகுப்பு

வேண்டாம் அக்கா. வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள். பேச்சை மாற்றினால் பிள்ளை வாய் திறக்கவே யோசிக்கும். எழுத்துத் தமிழ் காதுக்குப் பழக வேறு நல்ல வழி இருக்கிறது, புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது.

நான் 2021 முடிவிலிருந்து வியாசர்பாடியில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தேன். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் எழுத்தே மறந்துபோன பிள்ளைகள் சாயங்காலம் எங்கள் தெருவுக்கு வருவார்கள். கதை படிக்கும்போது நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். படிக்கும்போது புத்தகத்தில் இருப்பதை அப்படியே படிப்பேன், ‘யானை குளத்திற்குச் சென்றது’ என்று. பக்கத்தைத் திருப்பும் முன் பேச்சில் கேட்பேன், ‘யானை எங்க போச்சு?’ என்று. பிள்ளைகள் பேச்சிலேயே பதில் சொல்வார்கள். பத்து நாளில் அவர்களே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘சென்றது, வந்தது’ என்று படிப்பதுபோல் சொல்ல ஆரம்பித்தார்கள். புத்தகத்துக்கு ஒரு குரல், வீட்டுக்கு ஒரு குரல் என்று பிள்ளைக்குத் தானாகவே தெரிந்துவிடுகிறது.

படிக்கும்போது விரலைச் சொல்லுக்கு அடியில் வைத்து நகர்த்துங்கள். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் படியுங்கள். ஏழாவது முறை படிக்கும்போது ஒரு சொல்லை விட்டுவிட்டு நிறுத்தினால் அவனே நிரப்புவான்.

புத்தகத்துக்குப் பெரிய செலவு இல்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக, நிலை வாரியாக இருக்கின்றன. நம் ஊர் தூலிகா பதிப்பகத்தார், தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படப் புத்தகங்கள் போடுகிறார்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை கூட்டிப் போங்கள், அவனே எடுக்கட்டும்.

இன்னொன்று. எங்கள் தெரு வகுப்பில் வீட்டில் ஒடியா பேசும் ஒரு பெண் குழந்தை இருந்தாள். அப்பா கட்டட வேலைக்கு வந்தவர். ஒரு மாதம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் காலி ஆவின் பாக்கெட்டுகளைக் கழுவிக் கொண்டுவந்து பரப்பினேன். அதைத் தொட்டு ‘ஆவின்’ என்றாள். அவள் படித்த முதல் தமிழ்ச் சொல். ஆனால் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறாளா, எழுத்தைப் பார்த்தா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதே சொல்லை வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் எழுதி வைத்தேன். திகைத்தாள். பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள். ஆ, வி, ன். அன்றைக்கு அந்தத் தெருவில் ஆ எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருட்டும் வரை நடந்தோம்.

இரட்டைக்கோடு

எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் 247 எழுத்து. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. இதை ஆவின் பாக்கெட்டிலும் இட்லியிலும் எப்போது முடிப்பது? அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகப் போனால்தானே ஒன்றும் விட்டுப்போகாது? டீச்சர் தவறாக நினைக்க வேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன்.

சிலேட்டு_டீச்சர்

நல்ல கேள்வி சார். வரிசை வேண்டும். அகராதி பார்க்க வேண்டும், பாட்டாகப் பாடவும் நன்றாக இருக்கும். பாடட்டும். ஆனால் எழுதும் வரிசையும் பாடும் வரிசையும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை.

அ எழுதிப் பாருங்கள். சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நேர்கோடு எல்லாம் அதில் இருக்கிறது. இ அதைவிடக் கஷ்டம். நாலரை வயது விரலுக்கு ட, ப, ம எழுதுவது எளிது. பெரும்பாலும் கோடுதான். அதனால்தான் பழைய ஆசிரியர்கள் பலர் ட, ப, ம என்று தொடங்குவார்கள். இந்த மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மடம் மூன்றையும் படித்துவிடலாம். இரண்டு வாரத்தில் பிள்ளை ஒரு முழுச் சொல்லைப் படிக்கிறது சார். உயிரெழுத்து 12-ஐயும் வரிசையாக முடித்தாலும் அவற்றைக் கொண்டு படிக்கக் கிடைக்கும் சொல் மிகக் குறைவு.

247 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். துணைக்கால் ஒன்றைக் கற்றால் கா, பா, மா, டா எல்லாம் கூடவே வந்துவிடும். கு, சு, து, பு, மு, ரு என்று வரும் உகர வரிசையும் அதன் நெடிலான ஊகார வரிசையும்தான் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். அதற்குத்தான் பொறுமை வேண்டும். கொம்பு இருக்கிறதே, அது இன்னொரு தனிப் பாடம். கெ என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது க், பின்னால் எ. எழுதும்போது கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. கொ என்றால் முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் துணைக்கால், நடுவில் க. பிள்ளைகள் கொம்பைப் பின்னால் போடுவது கவனக் குறைவால் இல்லை, காதில் கேட்ட வரிசையில் எழுதுகிறார்கள். இதற்கு நான் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைத்தான் வெட்டுவேன். எழுத்து ஒரு அட்டை, கொம்பு ஒரு அட்டை, கால் ஒரு அட்டை. தரையில் நகர்த்தி நகர்த்திச் சேர்க்கட்டும். தப்பாக வைத்தால் நகர்த்தினால் போதும், அழிக்க வேண்டாம். அழிரப்பர் தேய்த்துத் தாள் கிழியும்போதுதான் பிள்ளைக்கு அவமானம் வருகிறது.

உங்கள் மகள் நன்றாக எழுதுகிறாள், சந்தோஷம். ஒரு நாள் அவளிடம் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லிப் பாருங்கள். எழுத்துப் பிழை பார்க்காதீர்கள். என்ன சொல்ல வருகிறாள் என்று மட்டும் பாருங்கள்.

மயிலை_கோலம்

கண்ணம்மா நிலா, நான் பாட்டி. எனக்கு வகுப்பு எடுக்கத் தெரியாது. கை பழக என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்கிறேன். என் மூன்று பேரப்பிள்ளைகளும் முருங்கைக்கீரை உருவித்தான் விரல் பழகினார்கள். பச்சைப் பட்டாணி உரிப்பது, புளியங்கொட்டையைப் பல்லாங்குழியில் ஒவ்வொன்றாகப் போடுவது, சப்பாத்தி மாவைத் திரித்துப் பாம்பு செய்வது, எல்லாமே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும்தான் வேலை. பென்சில் பிடிக்க அந்த இரண்டு விரலும்தானே வேண்டும்?

விஜயதசமி அன்று தட்டில் அரிசி பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம். அதை ஒரே நாளோடு ஏன் நிறுத்த வேண்டும்? ஒரு தட்டில் ரவையைப் பரப்பி வைத்துவிடு. விரலால் எழுதட்டும், தட்டை ஆட்டினால் அழிந்துவிடும். எங்கள் அப்பா திண்ணைப் பள்ளியில் மணலில்தான் எழுதிப் பழகினாராம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாரே, அவர் முறையிலும் உப்புத்தாளில் எழுத்து வெட்டி ஒட்டிப் பிள்ளையை விரலால் தடவ வைப்பார்கள். விரல் வழியாக எழுத்து உள்ளே போகும்.

கோலமும் போட வை. ஆண் பிள்ளை என்று பார்க்காதே. நாலு புள்ளி வைத்து அதைச் சுற்றி ஒரு வளைவு போட்டால் போதும். சிக்குக் கோலத்தில் இருக்கிற சுழிதான் இ-யிலும் ஐ-யிலும் இருக்கிறது.

கேட்கும்_காது

நான் பேச்சுப் பயிற்சி தருகிறவள். இரண்டு விஷயம் சேர்க்கிறேன். நாலரை வயதில் கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள், சாக்கு என்று நினைக்காதீர்கள். கையின் சிறு தசைகள் இன்னும் வளர்கிற வயது. முழு கிரேயானைக் கொடுக்காமல் உடைந்த சின்னத் துண்டைக் கொடுங்கள். முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல் நுனியால் பிடித்தே ஆக வேண்டும். எழுத்தைத் திருப்பிப் போடுவது ஆறேழு வயது வரை சாதாரணம். இடது கையால் எழுதினால் மாற்ற வேண்டாம்.

உங்கள் பையன் எல என்பதில் எ-வைப் பிடித்துவிட்டான், அவனுக்குப் பயமில்லை. இதைப் படிக்கிற மற்ற பெற்றோருக்காகச் சொல்கிறேன். அடிக்கடி சளி பிடித்துக் காது வலிக்கும் பிள்ளைக்கு ஒலிகள் மங்கலாகவே கேட்கலாம். ண, ன வித்தியாசமோ ல, ள வித்தியாசமோ சொல்லித் தருவதற்கு முன் ஒருமுறை காதைப் பரிசோதித்துவிடுங்கள். நல்ல முறையில் சொல்லித் தந்தும் ஏழு வயதில் எழுத்துக் கூட்ட முடியவில்லை என்றால் சோம்பேறி என்று சொல்லிவிட வேண்டாம். கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று முறையாகப் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் சென்னையிலேயே இருக்கிறது.

வீதி_வகுப்பு

இங்கிலீஷ் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் கட்டாயம் வரும். எழுத்தின் ஒலியைச் சொல்லித் தரும் ஃபோனிக்ஸ் முறையில் p, b ஒலிகளைத் தனித்தனியாகக் கற்ற பிள்ளை, ‘தம்பியில் எந்த ப வரும்?’ என்று கேட்கும். ஒரே ப-தான், ம்-க்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அதன் குரல் மென்மையாகிவிடும் என்று சொல்லுங்கள். பந்து, தம்பி இரண்டையும் சொல்லிப் பார்க்கச் சொன்னால் வாயிலேயே தெரியும்.

பெரம்பூர்_நிலா

மூன்று வாரம் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று சொல்ல வந்தேன்.

முதலில் வகுப்பாசிரியரைப் பார்த்தேன். சண்டைக்குப் போகவில்லை. தாளைக் காட்டி ‘வீட்டில் எல என்றுதான் சொல்வோம் மிஸ்’ என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘எங்கள் வீட்டிலும் அப்படித்தான்’ என்றார். தாள்கள் அச்சடித்தே வருகின்றனவாம், வகுப்பில் 34 பிள்ளைகளாம். ஆனால் இவனுக்கு இரண்டு பக்கம் வேண்டாம், இரண்டு வரி போதும் என்று நோட்டில் எழுதிக் கொடுத்தார். அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

வீட்டில் பத்து நாள் பென்சிலை எடுக்கவே இல்லை. கைதட்டல் மட்டும். இப்போது காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர் முன்னாலேயே வெண்-டைக்-காய் என்று தட்டுகிறான். வாழைப்பழத்துக்கு நாலு தட்டு, எழுத்து ஆறு என்று எழுதிக் காட்டியபோது, புள்ளி வைத்த இரண்டையும் அவனே தொட்டு ‘இது ரெண்டும் சாஞ்சிருக்கு’ என்றான். டீச்சரம்மா, உங்களை நினைத்துக்கொண்டேன். ரவைத் தட்டு தினமும் உண்டு. கட்டிலுக்கு அடியில் போவதை நிறுத்திவிட்டான்.

போன ஞாயிறு பெசன்ட் நகரில் அம்மா வீட்டுக்கு 29சி-யில் போனோம். நிறுத்தத்தில் பேருந்து வரும்போது பலகையைப் பார்த்து ‘கொம்பு முன்னாடி நிக்குது, பெ’ என்றான். பெசன்ட் நகர் என்று படித்துக் காட்டினேன். சாயங்காலம் திரும்பும்போது பலகையில் பெரம்பூர் இருந்தது. ‘இங்கயும் பெ! போனாலும் பெ, வந்தாலும் பெ!’ என்று கத்தினான். பேருந்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் அவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, வழியெல்லாம் கடைப் பலகைகளில் பெ தேட வைத்தார்.

அம்மா வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தாத்தாவிடம் ‘எல எழுது தாத்தா, புத்தகத்துல எழுதுற மாதிரி’ என்றான். அப்பா இன்னமும் பழைய முறையில்தான் எழுதுவார், லை-க்கு மேலே தும்பிக்கை போட்டு. அவன் எழுதிய லை-யில் கொம்பு முன்னால் நின்றது. இரண்டையும் பார்த்துவிட்டு ‘தாத்தா தப்பு’ என்றான். 1978-இல் அரசு எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முன்னால் பள்ளியில் படித்தவர் அப்பா. தான் சின்னப் பையனாக இருந்தபோது லை, னை, ணை, ளை நாலுக்கும் தும்பிக்கை இருந்தது என்று அவனுக்கு எழுதிக் காட்டினார். இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் யானை லை எழுதினார்கள். அவனாகக் கேட்டுப் பென்சில் எடுத்தது அன்றைக்குத்தான்.

சிலேட்டு_டீச்சர்

அந்தத் தாளையும் பத்திரமாக வையுங்கள் மா. சிவப்புக் குறி போட்ட தாளோடு சேர்த்து வையுங்கள். அடுத்து து, நு, று மூன்றும் வரும்போது எழுதுங்கள். அதற்கு வேறு அட்டை வெட்ட வேண்டும், எப்படி என்று சொல்கிறேன்.

இரட்டைக்கோடு

டீச்சர், மகளைக் கடிதம் எழுதச் சொன்னேன். ‘என்ன எழுதணும்னு பலகைல போடுங்கப்பா’ என்று கேட்டாள். நேற்று இரவு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். முதலில் சொல்லச் சொன்னேன், சொன்னதை எழுதச் சொன்னேன். மூன்று வரி வந்தது. ‘ஒடம்பு’ என்று எழுதியிருந்தாள். நான் திருத்தவில்லை. எப்போது, எப்படித் திருத்துவது என்று சொல்லுங்கள்.

சிலேட்டு_டீச்சர்

நீங்கள் அவளுக்குப் பதில் கடிதம் எழுதுங்கள் சார். அதில் ‘உன் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள். அவளே பார்ப்பாள்.